டவுசர் ட்ரெவர்

தன் சாவுக்கு வந்த மலர்வளையத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பைபிள் ட்ரெவர் தேவாலயத்துக்குள் நுழைந்தார். இடுப்பு எலும்புக்கு அறுவை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் இருந்த கோபத்தில் ஊன்றுகோலை வாசலிலேயே விட்டுவிட்டார். இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நெரிஸின் மடியில் வளையத்தைப் போட்டார்.

"இந்தா. இது எனக்கு இல்ல. உங்கப்பனுக்கு."

சவப்பெட்டிக்குள் இருந்தவர் நெரிஸின் அப்பா. அவர் பெயரும் ட்ரெவர் லூயிஸ்தான். நெரிஸ் வளையத்தையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புதன்கிழமைலேருந்து நான் செத்துக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். "ட்ரெவர் லூயிஸ் காலமானார்னு பேப்பர்ல போட்டியே, எந்த ட்ரெவர் லூயிஸ்னு போட்டியா? இந்தப் பள்ளத்தாக்குல அந்தப் பேர்ல மூணு பேர். கரிக்கடை ட்ரெவர் கல்லு மாதிரி இருக்கான். ஆஸ்பத்திரியில கெடந்தது நான். அப்ப போனது நான்தான்னு ஊரே முடிவு கட்டிடுச்சு. என் வீட்டுக்காரிகிட்ட துக்கம் விசாரிக்க போன் பண்றான். நான் எடுத்தா, நீங்க யாரு பேசறதுன்னு கேக்கறான்!"

பக்கத்தில் இருந்த தம்பி எமிர் சட்டென்று குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தான். அவன் தோள் குலுங்கியது. நெரிஸ் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நீ திரும்பிப் பாரும்மா. எத்தன பேர் வந்திருக்காங்க?"

அவள் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. பாதிரியார் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தாகிவிட்டது. அவ்வளவு பெரிய தேவாலயத்தில், அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி, எந்தச் சாவுக்கும் வந்துவிடுகிற இரண்டு கிழவிகள், ஹீட்டர் பக்கத்தில் உட்காருவதற்காகவே வந்த ஒருவர். தீர்ந்தது.

"நான் செத்தா எத்தன பேர் வருவாங்கன்னு இன்னிக்கு என் ரெண்டு கண்ணால பாத்துட்டேன்," என்றார் பைபிள் ட்ரெவர். "நாப்பது வருஷம் இந்தச் சர்ச்சுல மூப்பரா இருந்தவன். நல்லா இருங்க எல்லாரும்." சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கடைசி வரிசைக்குப் போய், யாரையும் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பத்திரிகை அறிவிப்பைக் கொடுத்தது நெரிஸ்தான். பத்திரிகை ஆபீஸ் பெண் போனில் தெளிவாகத்தான் கேட்டாள்: "ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க? அதையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டுடறேன்." அந்தப் பக்கத்து மரண அறிவிப்புகளில் பட்டப்பெயர் இல்லாமல் ஒன்றுகூட வராது. நாலு குடும்பப் பெயரையும் பத்துக் கிறிஸ்தவப் பெயரையும் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓட்டினால் வேறு வழி? பால்காரன், ஒற்றைப்பல், பைபிள் என்று ஏதாவது ஒட்டினால்தான் ஆள் யாரென்று விளங்கும். நெரிஸ் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான், "பட்டப்பெயர் ஒண்ணும் கெடையாது. ட்ரெவர் லூயிஸ். அவ்வளவுதான்," என்று போனை வைத்தாள்.

டவுசர் ட்ரெவர் என்று அச்சில் போட அவளுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு சினிமா. நெரிஸ் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம். பிரான்சோடு நடக்கும் ரக்பி ஆட்டத்தைப் பார்க்கப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆண்கள் பாரிஸுக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பியது முதல் எதுவும் உருப்படியாக நடப்பதில்லை. கதை அவ்வளவுதான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒருவன் ஒதுங்கப் புதருக்குப் பின்னால் போகிறான், பஸ் அவனை மறந்து கிளம்பிவிடுகிறது. அவிழ்ந்த டவுசரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்கடா பாவிகளா! டிக்கெட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு!" என்று கத்திக்கொண்டு அவன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறான். ஓடினவர் அவள் அப்பா. அதற்கு முன்னும் பின்னும் அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை.

நடிகர்கள் பேசின வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத்தான் நாடே பிடித்துக்கொண்டது. படம் வந்தபோது பிறக்காத பையன்கள்கூட அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். பிரான்சோடு ஆட்டம் என்றால் டிவியில் அந்தப் படம் உண்டு. ஊர் ரக்பி கிளப்பில் திரை கட்டி, எல்லோரும் சேர்ந்து வசனத்தைக் கத்திக்கொண்டே பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நெரிஸ் நடந்தால் பின்னாலேயே இரண்டு பையன்கள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள்.

இதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். படம் எடுத்த அடுத்த வருஷம், அவர் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து அப்பாவின் இடது கால் நசுங்கிப் போனது. நெரிஸுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் ஒரு தடியும், தரையில் இழுபடும் ஒரு காலும்தான். அந்த மனுஷனைப் பார்த்து ஊர் என்ன சொன்னது? "ஓடு ட்ரெவர், ஓடு! பஸ் போயிடுச்சு!" கிளப்பிலிருந்து அவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அத்தனை தடியன்களும் கத்துவார்கள். அவள் வயதுக்கு வந்த வருஷம் அதைத் தெருவில் நின்று தன் காதால் கேட்டாள். அப்பா திரும்பித் தடியைத் தூக்கி ஆட்டி, "டிக்கெட்டெல்லாம் எங்கிட்ட இருக்குடா!" என்று பதிலுக்குக் கத்திவிட்டுச் சிரித்தார். அவர்களையும் வெறுத்தாள், அவரையும் வெறுத்தாள். படித்து முடித்து இங்கிலாந்துப் பக்கம் போனவள் கல்யாணத்துக்கும் அம்மாவின் சாவுக்கும்தான் ஊருக்குள் வந்தாள்.

அம்மா இருந்தவரை அந்தப் படம் வீட்டுக்குள் வரவில்லை. டிவியில் போடுகிற அன்று பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். "அதுல ஓடறது உங்கப்பா இல்ல. அது வேற யாரோ," என்பாள். நெரிஸும் பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்பதில் அவளுக்கு ஒரு வீம்பு.

நெஞ்சில் கரித்தூள் அடைத்து அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்ததும் அவள்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கேதான் அவர் உயிர் போனது. கடைசி இரண்டு நாள் ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் சேர்ந்து மூச்சடைத்தது. அந்த மனுஷனைப் பெட்டியில் வைத்தாவது ஒரு கௌரவமான ஆளாக, கேலியில்லாமல், ட்ரெவர் லூயிஸாக மண்ணில் இறக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். "கிளப்புக்கு ஒரு போன் போட்டுடவா அக்கா?" என்று எமிர் கேட்டபோது, "போட்டே, உன்னையும் சேத்துப் பொதைச்சிடுவேன்," என்றிருந்தாள்.

சவ அடக்கக்காரர் பிரைஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து அவள் காதருகே வந்தார்.

"அம்மா, ஒரு சின்ன சிக்கல். கல்லறைத் தோட்டத்துக்குக் கடைசி ஏத்தத்துல வண்டி போகாது, தோள்லதான் கொண்டு போகணும். எங்க ஆளுங்க ரெண்டு பேர்தான் வந்திருக்கோம். வழக்கமா இந்த ஊர்ல தூக்க ஆளுக்குப் பஞ்சமே இருக்காது, அடிச்சுக்குவாங்க."

"நான் தூக்கறேன்," என்றாள் நெரிஸ்.

"நீ ஒரு ஆளு, முதுகுவலிக்காரன் நான் ஒரு ஆளு. மேட்டுல பாதியிலேயே அப்பாவ உருட்டி விடலாம்," என்றான் எமிர்.

இருவரும் வாசல் நடைக்கு வந்துவிட்டார்கள். எமிர் வாழ்நாளில் அக்காவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினான்.

"உனக்கு இப்ப திருப்தியா? எழுவது வருஷம் ஒரு ஊர்ல வாழ்ந்த மனுஷன். அனாதைப் பொணம் மாதிரி கெடக்கறாரு."

"கேலி பண்ணவாவது நாலு பேர் வேணும்ங்கறியா?"

"ஆமாங்கறேன். கேலி பண்றவனாவது வந்து தூக்குவான். அவங்க எல்லாரும் இப்ப எங்க இருப்பாங்க தெரியுமா? சாயந்திரம் பாரிஸ்ல ஆட்டம். கிளப்புல படம் ஓடிட்டிருக்கும். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ போக வேண்டாம்." அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. "நான் போறேன். சிரிச்சுட்டு இருப்பானுங்க இல்ல? சிரிக்கற வாய்ல மண்ணைப் போட்டுட்டு வரேன்."

கிளப் தெருவின் கோடியில்தான். கறுப்புக் கோட்டும் குதிகால் செருப்புமாக அவள் சரிவில் இறங்கினாள். தூறல் வேறு. கிளப்பின் கதவைத் தள்ளியதும் பீரும் இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டியும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. சிவப்பு ஜெர்சி போட்ட ஆண்கள் சுவரோடு சுவராக அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு பஸ்ஸுக்குள் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், கீழே இவர்களும் சேர்ந்து பாடினார்கள். முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன்முன் மேசையில் நுரை அடங்கிப்போன ஒரு முழு கிளாஸ் பீர்.

அவளை முதலில் பார்த்தது டெல்வின். கிளப்பின் பாரை நடத்துகிறவர், அப்பாவின் வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது டெல்வின் மாமா என்று தோளில் ஏறி உட்கார்ந்தவள்தான் நெரிஸ். வாசலில் நின்று கத்துகிறவர்களில் இவர் குரல்தான் முதலில் கேட்கும் என்று தெரிந்த நாளிலிருந்து மாமாவை விட்டுவிட்டாள்.

"அட, நெரிஸ் கண்ணு! உங்கப்பன் எங்க? அவன் கட்டம் வரப்போகுது, நாற்காலி காத்துட்டு இருக்கு. வெளிய வண்டியிலயா இருக்கான்?"

"கண்ணு கிண்ணுன்னு கூப்பிடாதீங்க. ட்ரெவர் லூயிஸ் செத்துட்டாரு. மேல சர்ச்சுல பெட்டி இருக்கு."

"அதான் பேப்பர்ல பாத்தோமே," என்றது ஒரு ஜெர்சி. "சாவுக்குப் போனா அங்கயும் எழுந்து பிரசங்கம் பண்ணுவான் அந்தாளு."

எல்லோரும் சிரித்தார்கள். நெரிஸ் குரலை உயர்த்தினாள். "நான் சொல்றது பைபிள் ட்ரெவர் இல்ல."

"அய்யய்யோ, கரிக்கடையா? நேத்துக்கூட மூட்டை எறக்கினானே!"

இனிச் சொல்லாமல் முடியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்ன ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தவள் அவள். அவள் வாயாலேயே சொல்லவேண்டி வந்தது.

"டவுசர் ட்ரெவர்."

பின்வரிசையில் ஓர் இளவட்டம் பழக்க தோஷத்தில் கெக்கென்று சிரித்தது. பக்கத்திலிருந்தவர் அதன் பின்மண்டையில் ஒன்று வைத்தார். பாட்டு அங்கங்கே நின்றது. யாரோ திரையின் சத்தத்தை அடக்கினார்கள்.

டெல்வின் பார் பலகையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "எப்போ?"

"போன வாரம்."

"போன வாரம்." அவர் அதைத் திருப்பிச் சொன்ன விதம் நெரிஸுக்குப் பிடிக்கவில்லை. "போன வாரம் செத்தவனுக்கு நாங்க இங்க பீர் ஊத்தி வெச்சிருக்கோம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணல."

"சொன்னா வந்து என்ன செஞ்சிருப்பீங்க? பெட்டிக்கு முன்னாடி நின்னு டவுசரப் புடிச்சுக்கிட்டு ஓடியிருப்பீங்க!"

"ஏய், பாத்துப் பேசு."

"ஏன் பாத்துப் பேசணும்? நொண்டி மனுஷனப் பாத்து ஓடு ஓடுன்னு முப்பது வருஷம் கத்தினீங்களே, நீங்க பாத்துப் பேசினீங்களா? எங்கம்மா ஜன்னல சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பா. உங்களுக்கு ஒரு கோமாளி வேணும். என் அப்பன் கெடச்சான். ஓசி பீர ஊத்தி ஊத்திச் சிரிச்சீங்க."

"அவன் குடிச்ச பீருக்கு அவன்தான் காசு குடுத்தான்," என்றார் டெல்வின். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. "நீ அவனை இங்கேருந்து தூக்கிட்டுப் போனே. முகம் தெரியாத ஊர்ல போட்டுச் சாகடிச்சே. இப்ப பொணம் தூக்க ஆள் இல்லைன்னதும் எறங்கி வந்திருக்கே. எங்களுக்குத் தெரியாதா? அந்த மேட்டுல எத்தன பெட்டி தூக்கியிருக்கோம் நாங்க."

"யாரும் தூக்க வேணாம். நானே இழுத்துட்டுப் போவேன்."

"நீ சொன்னா நாங்க விட்டுடுவோமாக்கும்! டேய், கோட்டை எடுங்கடா." நாற்காலிகள் கிரீச்சிட்டன. டெல்வின் அவளை விடவில்லை. "ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்த நீ ஒரு தடவையாவது பாத்திருக்கியா?"

"அதைப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"பாத்ததில்ல." அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது நம்புவார்களா என்பதுபோல. "பாக்காமயே இத்தன வருஷம் எங்க எல்லாரையும் தூக்குல போட்டிருக்கே. வாய மூடிட்டுத் திரும்பு."

தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் திரும்பிவிட்டாள்.

பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக எடுத்த காட்சி. சாலை அவளுக்குத் தெரிந்த சாலைதான், இப்போது இறங்கி வந்தாளே அதே சரிவு. புதர் ஆடியது. ஒருவன் வெளியே பாய்ந்தான். ஒல்லியாக, தலை நிறையக் கறுப்பு முடியோடு இருந்தான்; அவளைவிடச் சின்னவன். ஒரு கை இடுப்பில் டவுசரைச் சுருட்டிப் பிடித்திருந்தது, மறு கை ஒரு கத்தைச் சீட்டை ஆட்டியது. வாய் அகலமாகத் திறந்து எதையோ கத்தியது. கிளப்பில் அந்த இடத்தில் எல்லோரும் வாய் திறக்காமல் இருந்தது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

தடுமாறி, விழுந்து எழுந்து ஓடுகிற ஒரு கோமாளியைத்தான் அவள் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். அவன் தடுமாறவில்லை. இடது காலைப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி எழும்பி ஒரே மாதிரி தரையை உதைத்தன. அந்தச் செங்குத்து மேட்டில், டவுசரையும் பிடித்துக்கொண்டு, அவன் பஸ்ஸை நெருங்கிக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸ ஓட்டினது நான்," என்றார் டெல்வின் பின்னாலிருந்து. குரலில் இன்னும் கடுப்பு இருந்தது. "அவன் எங்க டீம்ல ஓரத்துல ஓடறவன், பந்து கெடச்சா புடிக்கவே முடியாது. மொத தடவை ஓட்டறேன், வந்து கதவைப் புடிச்சுட்டான். ரெண்டாந்தடவை இன்னும் அழுத்தறேன், அப்பவும் புடிச்சுட்டான். மூணாந்தடவையும். டைரக்டர் தலைல கை வெச்சுக்கிட்டாரு. ஐயா, நீங்க பஸ்ஸத் தவற விடணும், தயவுபண்ணி மெதுவா ஓடுங்கன்னு கெஞ்சறாரு. இவனுக்கு மனசே வரல."

டெல்வின் முன்வரிசைக் காலி நாற்காலியைக் காட்டினார்.

"எல்லாரும் கத்துவோம் இந்த எடத்துல. அவன் மட்டும் கத்த மாட்டான். வருஷா வருஷம் அந்த நாற்காலில உக்காந்து, அந்தக் காலையே பாத்துக்கிட்டிருப்பான். முடிஞ்சதும் என்னப் பாத்து, 'இன்னிக்கும் உன்னைப் புடிச்சிருப்பேன்டா'ம்பான். நாங்க ஓடு ஓடுன்னு சொல்லாம வேற என்ன சொல்லணும்ங்கறே?"

கதவு திறந்தது. எமிர் மழையில் நனைந்து மூச்சிரைக்க நின்றான். "அக்கா, பிரைஸ் அவசரப்படுத்தறாரு. கெளம்பணும்."

சிவப்பு ஜெர்சிகளின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். யாரும் நெரிஸ் பக்கம் பார்க்கவில்லை.

"நீ முன்னால போடா," என்றார் டெல்வின். "உங்கக்கா மொகம் பாத்துட்டு வரட்டும்."

திரையில் அவள் அப்பா பஸ்ஸுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டு, வேகத்தைக் குறைத்தார். பஸ் தள்ளிப் போக ஆரம்பித்தது. நடுச்சாலையில் நின்று, டவுசரை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, போகிற பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.